வாய்க்கால் மீனும் வைக்கோல் தண்ணீரும்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)



'கில்லி மீன்' வளர்க்கிறேன் என்று நான் முதன்முதலில் வகுப்பில் சொன்னபோது, தெருவில் பையன்கள் ஆடும் கில்லியை நினைத்துச் சிரித்தவர்கள் பாதிப் பேர். ஆங்கிலத்தில் 'கில்' என்றால் கொல்வதாயிற்றே, அந்த மீன் மற்ற மீன்களைக் கொன்றுவிடுமா என்று கேட்டவர்கள் மீதிப் பேர். இரண்டும் அல்ல. டச்சு மொழியில் 'கில்' என்பது ஓடையை, வாய்க்காலைக் குறிக்கும் சொல். ஆகவே கில்லி மீனை நாம் தமிழில் வாய்க்கால் மீன் என்றே அழைத்துவிடலாம்.

உங்களில் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். பெயர் தெரியாமல் பார்த்திருப்பீர்கள். மழைக்குப் பிறகு நெல் வயல்களுக்கு இடையே ஓடும் சிறு வாய்க்காலின் ஓரத்தில் சத்தமில்லாமல் குனிந்து பாருங்கள். தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டினாற்போல, விரலில் பாதி நீளமுள்ள மீன் ஒன்று அசையாமல் நிற்கும். தலை தட்டை, வாய் மேல்நோக்கியது, கண் பெரியது. தலையின் உச்சியில் யாரோ சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளிப் பொட்டு மின்னும். எங்கள் ஆயா இதை முண்டக்கண்ணி என்பார்கள். மலையாளத்தில் இதன் இனத்தவருக்கு 'மானத்துக்கண்ணி' என்று பெயர். மானம் என்றால் அவர்கள் மொழியில் வானம். வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மீனுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா?

அறிவியலில் இவ்வினத்துக்கு அப்லோகீலஸ் என்று பெயர். இவற்றுள் முதலில் விவரிக்கப்பட்டது கங்கைப் பகுதி மீன். ஹாமில்டன் என்பவர் 1822ஆம் ஆண்டில் அதைத் தம் நூலில் சேர்த்தார். கேரளத்து ஓடைகளில் நான்கு அங்குலம் வரை வளரும் பெரிய வகை உண்டு. எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தி வேறொன்று. சென்னையைச் சுற்றியுள்ள நன்னீர் மீன்களைப் பற்றி பி. சுந்தரராஜ் என்பவர் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் இதழில் 1916ஆம் ஆண்டில் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். அதில்தான் இவ்வினத்தின் சின்னஞ்சிறு வகையொன்று முதன்முறையாக உலகுக்கு அறிமுகமாயிற்று. அதற்கு அவர் வைத்த 'பார்வஸ்' என்ற பெயருக்கு லத்தீன் மொழியில் 'சிறியது' என்று பொருள். அளவையும் நிறத்தையும் வைத்துப் பார்த்தால் எங்கள் கடம்பத்தூர் வாய்க்காலில் இருந்ததும் அதுவே என்று நானும் எங்கள் அறிவியல் ஆசிரியையும் முடிவு செய்திருக்கிறோம். வெளிநாடுகளில் இதே இனத்து மீன்களைக் கண்ணாடித் தொட்டிகளில் பொக்கிஷமாக வளர்க்கிறார்கள். நம் ஊரிலோ தூண்டிலில் சிக்கினால் 'இது எதற்கு ஆகும்' என்று கரையில் எறிந்துவிடுகிறோம்.

'இருந்தது' என்று இறந்த காலத்தில் எழுதினேன். அதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு தை மாதத்தில் நானும் தம்பியும் கொசுவலைத் துணியை வளையத்தில் கட்டி, எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த வாய்க்காலில் ஏழு மீன்களைப் பிடித்தோம். கோடை விடுமுறையில் அந்த வாய்க்கால் மண் கொட்டி மூடப்பட்டு, மனைகளாகப் பிரிக்கப்பட்டது. வெள்ளை அடித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. நான் அழுததைப் பார்த்து ஆயா, "இதுக்கு ஏன் கண்ணு அழுவுறே? மழை பேஞ்சா மீனு தானா வந்துடும்" என்றார்கள்.

மழையோடு மீன் வரும் என்று நம் ஊரில் பலரும் நம்புகிறார்கள். அப்படி நம்புவதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. காய்ந்து வெடித்த குட்டையில் மழை பெய்த சில நாட்களிலேயே மீன் குஞ்சுகள் ஓடுவதைக் கண்ணால் பார்க்கிறோமே! ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இந்த நம்பிக்கையை மெய்யாக்கும் கில்லி மீன்களே உண்டு. அங்குள்ள மழைக் குட்டைகள் ஆண்டுதோறும் வற்றிவிடும். பெரிய மீன்கள் எல்லாம் மடிந்துவிடும். ஆனால் அவை சேற்றில் புதைத்த முட்டைகள் மடிவதில்லை. முட்டைக்குள் இருக்கும் கரு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்குகிறது. வோர்ம்ஸ் என்ற அறிஞர் 1972ஆம் ஆண்டில், இந்த உறக்கம் கருவின் வளர்ச்சியில் மூன்று வெவ்வேறு கட்டங்களில் வரக்கூடும் என்று விளக்கினார். அடுத்த மழை வந்ததும் முட்டைகள் பொரிகின்றன. ஜிம்பாப்வே நாட்டில் 1968ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட 'நீலவண்ண கில்லி' இவற்றுள் பெயர் பெற்றது. பொரித்த பதினான்கே நாட்களில் அது முட்டையிடும் பருவத்தை அடையக்கூடும் என்று 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. ஈரமான மட்கில் பொதிந்து, இவற்றின் முட்டைகளைத் தபாலில் கூட அனுப்புகிறார்கள்!

நம் முண்டக்கண்ணிக்கு இந்த வரம் கிடையாது. அதன் முட்டை நீர்ச்செடியில் ஒட்டிக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பொரிந்தாக வேண்டும். மாதக்கணக்கில் காய்ந்த மண்ணில் அது காத்திருக்காது. நம் வாய்க்காலுக்கு மழையில் மீன் வந்ததென்றால், ஏதோ ஓர் ஏரியிலிருந்தோ பெரிய கால்வாயிலிருந்தோ தண்ணீர் வழியாக நீந்தி வந்தது என்று அர்த்தம். வழி அடைபட்டால் மீன் வராது. ஐப்பசி மழையில், மூடாமல் விட்டிருந்த பத்தடி நீளப் பள்ளம் நிரம்பியது. நான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்ப் பார்த்தேன். தவளைகள் வந்தன. கொசுப்புழுக்கள் ஏராளமாக வந்தன. முண்டக்கண்ணி ஒன்று கூட வரவில்லை.

ஆகவே அந்த வாய்க்கால் மீன்களில் மிச்சமிருந்தவை என் தொட்டியில் இருந்தவை மட்டுமே. அவற்றிலும் ஏழு என்பது முதல் இரவே ஐந்தாகிவிட்டது. தொட்டியை நான் மூடவில்லை. இந்த மீன் துள்ளுவதில் தவளைக்குச் சளைத்ததன்று. காலையில் இரண்டு தரையில் காய்ந்து கிடந்தன. ஆகவே வளர்க்க விரும்புவோர் தொட்டி வாங்குமுன் மூடியைப் பற்றி யோசியுங்கள். கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டினாலே போதும்.

மிஞ்சியவை இரண்டு ஆண், மூன்று பெண். ஆணின் நிறம் பளிச்சென்று இருக்கும், துடுப்புகள் நீண்டு கூராக இருக்கும்; பெண் சற்று மங்கலாக, வயிறு உருண்டு இருக்கும். ஆண் ஒன்றும் பெண் இரண்டுமாக விடுவது நல்லது. இல்லையேல் ஒரே பெண்ணை ஆண் ஓயாமல் துரத்தி அலுக்க வைத்துவிடும். தொட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு குடம் தண்ணீர் கொள்ளுமளவு போதும். எங்கள் வீட்டில் கிணற்று நீர். குழாய் நீர் பயன்படுத்துவோர் அதை ஒரு நாள் முழுவதும் திறந்த வாளியில் வைத்து, குளோரின் போன பிறகே ஊற்ற வேண்டும்.

வாய்க்காலில் இம்மீன் வேலம்பாசியிலும் மிதக்கும் செடிகளின் வேரிலும் முட்டையிடும். ஒரேயடியாக இட்டு முடிப்பதில்லை. நாளுக்குச் சிலவாகப் பல நாட்கள் இட்டுக்கொண்டே இருக்கும். பாசிக்குள் முட்டை தேடுவது கண்ணுக்குக் கேடு. ஆகவே உல்லன் நூலில் ஒரு குஞ்சம் செய்து விடுவதுதான் உலகெங்கும் உள்ள வழக்கம். கரும்பச்சை உல்லன் நூலை ஒரு முழ நீளத்தில் நாற்பது, ஐம்பது இழைகளாக வெட்டி, நடுவில் கட்டி, ஒரு தெர்மாகோல் துண்டில் தொங்கவிட வேண்டும். வெந்நீரில் கொதிக்க வைத்துச் சாயத்தைப் போக்கிய பிறகே தொட்டியில் விட வேண்டும். நான் தையல் வகுப்பில் மீந்த நூலைப் பயன்படுத்தினேன். (ஆசிரியை அவர்கள் இதைப் படித்தால் மன்னிக்கவும்.)

குஞ்சம் விட்ட நான்காம் நாள் அதைத் தூக்கிப் பிழிந்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். நூலிழைகளில் கடுகளவில் கண்ணாடி மணிகள் ஒட்டியிருந்தன! முட்டைகளைச் சுற்றிப் பசையுள்ள மெல்லிய இழைகள் இருப்பதால் அவை நழுவுவதில்லை. தொட்டால் உடைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். நல்ல முட்டை விரலால் கிள்ளி எடுக்குமளவு உறுதியாக இருக்கும். விரலில் நசுங்குவது கெட்ட முட்டை. தாய் தகப்பனிடம் விட்டுவைத்தால் அவையே தின்றுவிடும் என்பதால் அன்றாடம் எடுத்துவிட வேண்டும். மீன்களிடம் தாயன்பை எதிர்பார்ப்பது நம் பிழை.

முட்டைகளை அகலமான டிபன் டப்பாவில் இரண்டு அங்குல ஆழத் தண்ணீரில் போட்டு, வெயில் படாத இடத்தில் வைத்தேன். இங்கே முதல் எதிரி பூஞ்சை. கருவுறாத முட்டை ஓரிரு நாளில் பால் போல வெளுத்து, பஞ்சு மூடிவிடும். அதை உடனே எடுக்காவிட்டால் பஞ்சு பக்கத்து முட்டைக்கும் தாவும். மருந்துக் கடையிலும் மீன் கடையிலும் கிடைக்கும் மெத்திலின் புளூவை, தண்ணீர் இளம் வான நிறம் கொள்ளுமளவு இரண்டு சொட்டு விட்டால் பூஞ்சை மட்டுப்படும். நம் பள்ளி மைதானத்தில் உதிரும் பாதாம் மரத்துச் சருகு ஒன்றைக் கழுவிப் போட்டுத் தேநீர் நிறமாக்குவோரும் உண்டு. நான் இரண்டையும் செய்து பார்த்தேன். எனக்குச் சருகுதான் பிடித்தது. ஏன் என்று பின்னர் சொல்கிறேன்.

முதல் முறை, பங்குனியில், 23 முட்டைகள் சேர்த்தேன். ஒன்பது வெளுத்துப் போயின. மீதி பதினான்கில் ஒரு வாரத்தில் இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தன. அவை கண்கள்! பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கண்ணைச் சுற்றிப் பொன் வளையம் தெரியும். கரு முட்டைக்குள் வாலைச் சுருட்டிக்கொண்டு திடீரென்று திரும்பிப் படுக்கும். இதயம் துடிப்பதையும் காணலாம். அந்தச் சமயம் எனக்குக் கணக்குத் தேர்வு. நான் படித்ததைவிட டப்பாவைப் பார்த்ததே அதிகம். பன்னிரண்டாம் நாள் தொடங்கி இரண்டு நாட்களில் பதினான்கும் பொரிந்தன. கண்ணிமை முடியில் பாதி இருக்கும் ஒவ்வொன்றும். அவை தண்ணீரின் மேல் தோலை ஒட்டியே நீந்தின.

நான் வெற்றி பெற்றுவிட்டதாக எண்ணி வகுப்பு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் ஒரு குஞ்சு கூட உயிருடன் இல்லை.

அவிந்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து ஊட்டலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் ஊட்டினேன். சில மீன் குஞ்சுகள் அதைத் தின்னும். இவை தின்னவில்லை. வாய்க்கால் மீன் பிறந்த நாள் முதலே வேட்டைக்காரன். முன்னால் அசைவதைத்தான் அது இரை என்று அறியும். அசையாத மஞ்சள் தூள் அடியில் தங்கி அழுகியது. ஆழமற்ற தண்ணீர் ஒரே இரவில் கெட்டது. முட்டையில் கொண்டு வந்த கருவுணவு தீர்ந்ததும் அவை சோற்றின் நடுவே பட்டினி கிடந்து இறந்தன. குற்றம் முழுவதும் என்னுடையது. பொரிக்க வைப்பதற்கு இரண்டு வாரம் யோசித்தவள், பொரித்த மறுநாளுக்கு ஒன்றையும் ஆயத்தம் செய்யவில்லை.

தோழியரே, இக்கட்டுரையில் நீங்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: முட்டையை எடுக்கும் நாளிலேயே குஞ்சுக்கு உணவைத் தொடங்கிவிட வேண்டும். அந்த உணவு குஞ்சின் வாயைவிடச் சிறியதாகவும், உயிருள்ளதாகவும், எந்நேரமும் கிடைப்பதாகவும் இருக்க வேண்டும். இம்மூன்றும் கூடியது கடையில் கிடைக்காது, வைக்கோலில் கிடைக்கும்.

செய்முறை எளிது. ஒரு கைப்பிடி வைக்கோலை நறுக்கி ஒரு லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். குளத்துத் தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி அரை டம்ளர் அதில் சேருங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி வாயைத் துணியால் கட்டி, நேர் வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். முதல் இரண்டு நாள் கலங்கி நாற்றமடிக்கும், அம்மா கொட்டச் சொல்வார்கள், கொட்டாதீர்கள். அப்போது பெருகுவது பாக்டீரியா. அதைத் தின்று, நாம் பாடத்தில் படிக்கும் பாரமீசியம் போன்ற ஒரு செல் உயிர்கள் பெருகும்போது தண்ணீர் மெல்லத் தெளியும், நாற்றம் மாறி மண் வாசனை வரும். இருட்டில் டார்ச்சு அடித்தால் தூசி போன்ற வெண்புள்ளிகள் நகர்வது தெரியும். நான் ஒரு சொட்டை ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் வைத்தபோது, பாடப் புத்தகத்தில் செருப்பு வடிவில் வரைந்திருக்கும் பாரமீசியம் அசல் செருப்பாக உருண்டு ஓடியது. நாலைந்து நாளில் தயாராகும் இது ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும் என்பதால், மூன்று நாளைக்கொரு பாட்டில் வீதம் புதிதாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும்.

மெத்திலின் புளூவைவிடச் சருகு எனக்குப் பிடித்ததன் காரணம் இப்போது விளங்கும். பூஞ்சையைக் கொல்லும் நீல மருந்து இந்த நுண்ணுயிர்களையும் விடாது. அதைப் பயன்படுத்தினால், கண் தெரிந்த முட்டைகளைப் பொரிக்கும் முன்பே நல்ல தண்ணீருக்கு மாற்றியாக வேண்டும்.

இரண்டாம் முறை ஆவணியில் தொடங்கினேன். வேளாங்கண்ணியில் கொடியேறும் ஆகஸ்டு 29ஆம் நாள் குஞ்சத்திலிருந்து முதல் முட்டைகளை எடுத்தேன். அன்றே முதல் வைக்கோல் பாட்டிலையும் வைத்தேன். மூன்று நாட்களில் 31 முட்டைகள் சேர்ந்தன. செப்டம்பர் 8, மாதா பிறந்த நாளன்று எல்லாவற்றிலும் பொன் வளையக் கண்கள் என்னைப் பார்த்தன. பிறகு சில பொரிந்தன. ஆனால் ஒன்பது முட்டைகள் பதினேழாம் நாளாகியும் அப்படியே இருந்தன. உள்ளே குஞ்சு உயிருடன் புரள்கிறது. வெளியே வருவதாக இல்லை.

இது கில்லி மீன்களுக்கே உரிய குணம். வளர்ந்து முடிந்த கரு, தக்க சமயம் வரும்வரை முட்டைக்குள்ளேயே காத்திருக்கக்கூடும். சுற்றியுள்ள நீரில் ஆக்சிஜன் குறையும்போது, கருவிலுள்ள சுரப்பிகள் ஒரு நொதியை வெளிவிடும். அது முட்டை ஓட்டை உட்புறமிருந்து கரைக்கும். வாலால் ஓர் உதை, குஞ்சு வெளியே. இதை அறிந்த மீன் வளர்ப்போர் ஒரு தந்திரம் செய்வார்கள். முட்டைகளைச் சிறு குப்பியில் தண்ணீரோடு அடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடமாடுவார்கள். உடல் சூடும் குலுக்கலும் கிடைக்கும், மூடிய குப்பியில் ஆக்சிஜனும் குறையும்.

எனக்குப் பள்ளிச் சீருடையில் பை கிடையாது. எனவே அப்பா தினமும் வேலைக்குப் போகும் அரக்கோணம் - சென்னை மின்சார ரயிலில் ஒன்பது முட்டைகளும் பயணம் செய்தன. கடம்பத்தூரில் ஏறிய அப்பா திருநின்றவூரில் ஒருமுறை, ஆவடியில் ஒருமுறை குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். எதிரில் இருந்தவர் "என்ன சார், சொட்டு மருந்தா?" என்று கேட்டிருக்கிறார். அம்பத்தூர் தாண்டும்போது முதல் குஞ்சு வெளிவந்துவிட்டது. வில்லிவாக்கத்தில் நான்கு! அதன்பின் அந்தப் பெட்டியில் தினசரி வருவோர் எல்லாம் அப்பாவை "மீன்காரரே" என்று அழைப்பதாகக் கேள்வி. பொரித்தவுடன் மூடியைத் திறந்து வைக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்ததை மறக்காமல் செய்ததால் ஒன்பதில் ஏழு பிழைத்து வீடு திரும்பின.

ரயிலில் போனது பெரிதல்ல. இவற்றின் தூரத்து உறவு ஒன்று விண்வெளிக்கே போயிருக்கிறது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்கைலாப் ஆய்வுக்கூடத்துக்கு 'மம்மிச்சாக்' என்ற கில்லி மீன் இரண்டும், அதன் முட்டைகள் ஐம்பதும் பிளாஸ்டிக் பையில் நீரோடு அனுப்பப்பட்டன. விண்வெளி கண்ட முதல் மீன்கள் அவையே. மேல் கீழ் தெரியாமல் அந்த இரு மீன்களும் முதலில் குட்டிக்கரணம் அடித்தன. ஐம்பது முட்டைகளில் 48 அங்கேயே பொரிந்தன. அங்கே பிறந்த குஞ்சுகளோ குழப்பமின்றி நேராக நீந்தின.

இனி வளர்ப்பு. இம்முறை மொத்தம் 22 குஞ்சுகள். இங்க் ஃபில்லரால் வைக்கோல் தண்ணீரை நாளைக்கு நான்கு முறை, பத்துப் பத்துச் சொட்டாக விட்டேன். பள்ளி நேரத்தில் ஆயா விட்டார்கள். "பச்சப்புள்ளைக்குப் பாலாடையிலே ஊத்துறாப்பல இருக்குது" என்று சொல்லிக்கொண்டே விடுவார்கள். குஞ்சின் வயிறு நிறைந்திருக்கிறதா என்பதைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். வெள்ளையாகப் புடைத்திருந்தால் உண்டிருக்கிறது. நீரின் மேல் எண்ணெய்ப் படலம் கட்டினால் செய்தித்தாளை ஒரு கணம் பரப்பி எடுத்துவிட வேண்டும். மேல்மட்டத்திலேயே வாழும் குஞ்சுக்கு அப்படலம் மூச்சு முட்டும். நாள்தோறும் கால் பங்கு நீரைச் சொட்டுச் சொட்டாக மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக மாற்றினால் குஞ்சுகள் தாங்கா.

பத்து நாள் கழித்து ஆர்ட்டீமியா. இது உப்பு நீரில் வாழும் சின்ன இறால் போன்ற உயிர். நம் தூத்துக்குடி உப்பளங்களில் இயற்கையாகவே உண்டு. வற்றும் ஆப்பிரிக்கக் குட்டை மீனைப் போல இதுவும் காய்ந்த முட்டையாகப் பல ஆண்டு கிடக்கும். அந்த முட்டைகளைக் கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் விற்கிறார்கள். வில்லிவாக்கத்தில் இறங்கி அப்பா சிறு பொட்டலம் வாங்கி வந்தார். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்புக் கரைத்து, கால் தேக்கரண்டி முட்டை போட்டு, ஏர் பம்ப்பால் காற்று விட்டால் ஒன்றரை நாளுக்குள் ஆரஞ்சு நிறத் துகள்கள் துடிக்கும். காற்றை நிறுத்தி ஒரு மூலையில் டார்ச்சு வைத்தால் அவை வெளிச்சத்துக்குக் கூடும். அங்கிருந்து உறிஞ்சி, மெல்லிய துணியில் நல்ல தண்ணீரால் கழுவி ஊட்ட வேண்டும். ஓடுகள் கலந்தால் குஞ்சின் குடலை அடைக்கும். ஆர்ட்டீமியா உண்ட அரை மணியில் குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சு மிட்டாய் போலாகிவிடும். அதைப் பார்க்கவே நான் இரண்டு முறை பள்ளிக்குத் தாமதமானேன்.

மூன்றாம் வாரத்தில் எண்ணிக்கை காரணமின்றிக் குறைந்தது: 22, 19, 16. இறந்த உடல் ஒன்றும் இல்லை. பிறகு கண்டுகொண்டேன். முதலில் பொரித்தவை, பின்னால் ரயிலில் பிறந்தவற்றைத் தின்றுகொண்டிருந்தன! சில நாள் மூப்பு, இங்கே வாயளவில் பெரிய வித்தியாசம். இரண்டு தொட்டிகளாகப் பிரித்ததும் இழப்பு நின்றது. அரை அங்குலம் வளர்ந்தபின் கொசுப்புழு கொடுத்தேன். தின்னுமளவு மட்டுமே போட வேண்டும். நான் அளவு தப்பிய ஒரு வாரம் வீட்டில் கொசு பெருகி, அம்மா தொட்டியையே வெளியேற்றுவதாகச் சொன்னார்கள். இன்று, ஐந்தாம் மாதத்தில், என்னிடம் வளர்ந்த மீன்களாக இருப்பவை பதினொன்று.

இவற்றை எங்கே விடுவது? நான் முதலில் நினைத்தது ஏரியை. அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த ஏரியின் மதகோரம் அப்பாவோடு சென்று பார்த்தேன். 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு எங்கும் பரவிவிட்ட ஜிலேபி மீன் அங்கே கூட்டம் கூட்டமாக இருந்தது. ஆயினும் புல் மண்டிய ஆழமற்ற ஓரத்தில் வெள்ளிப் பொட்டுகள் சில மின்னின! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருக்கும் இடத்தில் தொட்டி மீனைக் கொண்டு விடுவது தேவையற்றது, நோயையும் கொண்டுபோய்விடும் என்று ஆசிரியை சொன்னார்கள். வேறு ஊர் மீனை விடுவதோ இன்னும் கேடு. கொசுவை ஒழிக்க 1928இல் இந்தியாவுக்கு வந்த கம்பூசியா என்ற அமெரிக்க மீன், போன நாடுகளில் எல்லாம் அங்குள்ள சிறு மீன்களை விரட்டியதால், உலகின் மிகக் கேடான நூறு அந்நிய உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் முண்டக்கண்ணி கொசுப்புழுவை அதே ஆசையோடு தின்னும் என்பதை யாராவது சுகாதாரத் துறையினரிடம் சொன்னால் நல்லது.

இறுதியில் நம் பள்ளியிலேயே இடம் கிடைத்தது. லூர்து மாதா கெபியின் முன்னுள்ள அல்லித் தொட்டியில் மழைக்காலம் முழுவதும் கொசுப்புழு நெளிந்ததை நீங்கள் அறிவீர்கள். தலைமை அருட்சகோதரி அவர்களின் அனுமதியோடு மார்கழித் தொடக்கத்தில் ஆறு மீன்களை அதில் விட்டேன். ஜெபமாலைக்கு வரும்போது அல்லி இலைகளின் இடையே அசையாமல் நின்று பாருங்கள். நிழல் விழுந்தால் ஓடிவிடும்.

மீதி ஐந்தும் என் வீட்டில் முட்டையிடத் தொடங்கிவிட்டன. எனக்கு அரசுத் தேர்வு நெருங்குவதால் முட்டைகளைத் தோழியருக்குத் தரலாம் என்றிருக்கிறேன். வேண்டுவோர் 'ஆ' பிரிவுக்கு மூடியுள்ள சிறு பாட்டிலோடு வரவும். வருவதற்கு நான்கு நாள் முன்னதாகவே வீட்டில் வைக்கோல் தண்ணீர் வைத்துவிட்டு, அதில் ஒரு சொட்டைக் கொண்டு வந்து காட்ட வேண்டும். நுண்ணோக்கியில் செருப்பு ஓடுவதைப் பார்த்த பிறகுதான் முட்டை கொடுப்பேன்.